செடி செழிக்கிறது, மீன் ஏன் சாகிறது? – வாசகர் கேள்வி பதில்

செடி வைத்த மீன்தொட்டி பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தைச் சொல்கின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, செடி தளதளவென்று வளர்கிறது, மீன் மட்டும் திடீரென்று செத்துப்போகிறது. எழுதுகிறவர்கள் மூன்று விவரங்களை மறக்காமல் எழுதுங்கள்: தொட்டி எத்தனை லிட்டர், மீன் தவித்தது எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய ஒரு நாளில் தொட்டிக்குள்ளும் அந்த அறைக்குள்ளும் என்னென்ன நடந்தது. மீனுக்கு என்ன நோய் என்று தேடுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும்.

கேள்வி: 120 லிட்டர் தொட்டி. செடிக்காக சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு விடுகிறேன். நான்கு மாதமாக வினாடிக்கு இரண்டு குமிழி, எதையும் மாற்றவில்லை. நேற்று மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் டெட்ராக்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு செத்துவிட்டன. டிராப் செக்கர் (கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் கருவி) பச்சையாகத்தான் இருந்தது. அப்படியானால் வாயு காரணம் இல்லைதானே?

பதில்: வாயுதான் காரணம். மாலை நான்கு மணி என்று நீங்கள் எழுதியதே அதைச் சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் செடிகள் பல மணி நேரம் ஒளியில் இருந்து தண்ணீரை ஆக்சிஜனால் நிரப்பியிருக்கும். ஆக்சிஜன் குறைவால் தவிக்கிற மீன் விடியற்காலையில் தவிக்கும். விளக்கு எரியும்போது, அதுவும் பிற்பகலில் தவித்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படிப் பார்த்தால் யோசிக்காமல் செய்ய வேண்டியது: சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஃபில்டரின் வெளிவாயை மேலே திருப்பி நீர்ப்பரப்பு நன்றாகக் கலையும்படி வையுங்கள், ஏர் ஸ்டோன் இருந்தால் போடுங்கள். குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே வெப்பமுள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். விளக்கை அணைக்காதீர்கள். பதற்றத்தில் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஒளி இருந்தால்தான் செடி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். அணைத்தால் செடியும் அதை வெளிவிட ஆரம்பிக்கும்.

தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் ஏன் தவிக்கிறது? மீன் தன் ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் செவுள் வழியாகத் தண்ணீருக்குள் விடுகிறது. வெளியே அதன் அளவு கூடினால் உள்ளே இருப்பது வெளியேறாது. ரத்தம் அமிலமாகும், ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் திறனும் குறையும். அதனால்தான் வெறும் ஆக்சிஜனைக் கூட்டினால் போதாது, அந்த வாயுவை வெளியேற்றியே ஆக வேண்டும்.

டிராப் செக்கரை நம்பலாம், ஆனால் அது ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பின்தங்கியே சொல்லும். நீங்கள் பார்த்த பச்சை, இரண்டு மணி வாக்கில் இருந்த நிலை. உள்ளே ஊற்றும் திரவமும் முக்கியம். கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) 4 என்று அளந்து தயாரித்த நீரில் நிறங்காட்டி சேர்த்தால்தான் பச்சை என்பது லிட்டருக்கு 30 மி.கி. அளவைக் குறிக்கும். தொட்டித் தண்ணீரையே ஊற்றியிருந்தால் அந்த நிறத்துக்கு அர்த்தமே இல்லை.

"எதையும் மாற்றவில்லை" என்கிறீர்கள். நீங்கள் மாற்றாமலே மாறுபவை சில உண்டு. முதலில் சிலிண்டரின் மீட்டரைப் பாருங்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை அறை வெப்பத்துக்கு ஏற்ப 55 முதல் 70 பார் (அழுத்த அலகு) வரை காட்டும். நாள்கணக்கில் முள் அசையாது. திரவம் தீர்ந்ததும் முள் இறங்கத் தொடங்கும். ஒற்றை நிலை ரெகுலேட்டரில் (அழுத்தத்தை ஒரே படியில் குறைப்பது) உள்ளே வரும் அழுத்தம் குறையக் குறைய வெளியேறும் அழுத்தம் கூடும். நீங்கள் தொடாமலே இரண்டு குமிழி ஐந்தாகும், பத்தாகும். முள் இறங்கத் தொடங்கிய அன்றே சிலிண்டரை மாற்றிவிடுவது நல்லது. மிச்சத்தையும் பயன்படுத்திவிடலாம் என்று நினைக்கும் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் விபத்து நடக்கிறது. இரட்டை நிலை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

மீட்டர் சரியாக இருந்தால் வேறு இடங்களில் தேடுங்கள். வாயுவைக் குமிழிகளாகப் பிரித்து விடும் டிஃப்யூசரைச் சமீபத்தில் கழுவினீர்களா? பாசி நீங்கிய பீங்கான் தட்டு நுண்ணிய குமிழிகளை விடும், அதே குமிழிக் கணக்கில் கூடுதல் வாயு கரையும். செடிகளை ஒட்ட வெட்டினீர்களா? உறிஞ்ச ஆளில்லை. ஃபில்டர் அடைத்து ஓட்டம் குறைந்ததா, அல்லது ஆவியான தண்ணீரை ஈடுகட்ட விளிம்புவரை ஊற்றி வெளிவாய் முழுக மூழ்கிவிட்டதா? நீர்ப்பரப்பு அசையாவிட்டால் வாயு வெளியேற வழியில்லை. இரண்டு விரல்கட்டைத் தண்ணீர் கூடியதால் மீன் சாகலாம் என்பதை எளிதில் நம்ப முடியாது, ஆனால் நடக்கிறது.

மறுபடி அளவு வைக்கும்போது, ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து அதன் பி.எச். அளவை எடுங்கள். விளக்கு எரிந்து சில மணி நேரமான பின் தொட்டியில் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு அலகு வித்தியாசம் என்றால் கரைந்த வாயு பத்து மடங்காகியிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் போகாதீர்கள். டைமரில் விளக்குக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு வாயு திறக்கட்டும், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடட்டும். குமிழியைக் கூட்டும் வேலையை நாள் முழுக்க வீட்டில் இருக்கப்போகும் நாளில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். வாயு எதுவும் விடுவதில்லை. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே நிற்கின்றன, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகின்றன. மேலே ஆகாயத்தாமரை அடர்த்தியாக இருக்கிறது.

பதில்: இது ஆக்சிஜன் பற்றாக்குறை. இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கிறது. மீன், நுண்ணுயிர், செடி மூன்றும் பங்கு போட்டால் விடியும்போது மிச்சம் குறைவு. உங்கள் தொட்டியில் மேலே மூடிய ஆகாயத்தாமரை காற்றும் தண்ணீரும் தொடுகிற பரப்பையே அடைத்துவிட்டது. வெப்பமும் சேரும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரை மி.கி. அளவுக்கு இறங்கிவிடும்.

மிதக்கும் செடியை மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்குள் நிறுத்துங்கள். ஏர் குழாயை வளையமாக இணைத்து மிதக்கவிட்டால் அதற்குள்ளேயோ வெளியேயோ செடியை அடக்கி வைக்கலாம். மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஏதாவது மினுமினுத்தால், அச்சு இல்லாத வெள்ளைத் தாளை நீர்ப்பரப்பில் விரித்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். விளக்கு அணைந்தது முதல் காலைவரை ஏர் பம்ப் ஓடும்படி டைமர் வையுங்கள். பாசியை ஒழிக்கத் தொட்டியைத் துணியால் மூடி மூன்று நாள் இருட்டில் வைக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம்: அந்த மூன்று நாளும் ஏர் ஸ்டோன் ஓடியாக வேண்டும். இருட்டில் செடி ஆக்சிஜன் தராது, செத்து அழுகும் பாசி இருக்கிறதையும் தின்றுவிடும்.

கேள்வி: புதிதாக நான்கு கட்டுச் செடி வாங்கி நன்றாகக் கழுவித்தான் நட்டேன். மறுநாள் காலைக்குள் செர்ரி இறால் எல்லாம் செத்துவிட்டன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் தண்ணீரில் குறை இல்லைதானே?

பதில்: மீன் பிழைத்து இறால் மட்டும் செத்ததுதான் துப்பு. செடிப் பண்ணைகளில் நீருக்கு மேலே வளர்க்கும்போது பூச்சிமருந்து அடிப்பது உண்டு. இறால் பூச்சிகளுக்கு நெருங்கிய சொந்தம். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகள் மீனைப் பெரிதாகப் பாதிக்காத அளவிலேயே இறாலின் நரம்பைத் தாக்கும். சாகுமுன் தறிகெட்டு நீந்தியிருக்கும், மல்லாந்து விழுந்து கால்களை உதறியிருக்கும்.

கழுவினால் போகாது என்பதுதான் இதில் கஷ்டம். இந்த மருந்துகளில் பல செடியின் சாற்றுக்குள்ளேயே பரவி நிற்பவை. படிகாரமும் ப்ளீச்சும் நத்தை முட்டைக்கும் பாசிக்கும்தான் உதவும், இதற்கு உதவாது. இறால் வளர்ப்பவர்கள் செடியைத் தனி வாளியில், வெளிச்சத்தில், தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரமாவது வைத்திருங்கள். அல்லது கண்ணாடிக் குப்பியில் ஜெல்லில் வளர்த்த திசு வளர்ப்புச் செடியை வாங்குங்கள். ஜெல்லை மட்டும் கழுவினால் போதும். சின்னச் செடித்தொட்டியோடு வரும் செடியில் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சையும் முழுதாகப் பிய்த்தெடுங்கள். அதற்குள் மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில் கடுகு போன்ற உருண்டைகள் இருந்தால் அவை மெதுவாகக் கரையும் உரம். தண்ணீரில் அம்மோனியத்தை விடும்.

இப்போது அந்தச் செடிகளை எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை இரண்டு நாள் அடுத்தடுத்து மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பனை ஃபில்டரில் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து ஓரிரு இறாலை மட்டும் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: அறையில் கொசு மருந்து அடித்தால் மூடி போட்ட தொட்டியையும் பாதிக்குமா?

பதில்: ஏர் பம்ப் ஓடினால் கண்டிப்பாக. அது அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடும் கருவி. கொசு மருந்திலும் கரப்பான் மருந்திலும் இருக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சுகள் பாலூட்டிகளுக்குக் குறைவாகவும் மீன், இறாலுக்கு மிகக் கடுமையாகவும் கெடுதல் செய்பவை. தண்ணீரில் மிக நுண்ணிய அளவே போதும். திரவம் ஊற்றிச் செருகும் கொசுவிரட்டியிலும் இதே குடும்பம்தான். மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால் ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியாலோ பிளாஸ்டிக் விரிப்பாலோ முழுக்க மூடி, ஃபில்டரை மட்டும் ஓடவிட்டு, அறை நன்றாகக் காற்றாடிய பிறகு திறவுங்கள். பெயின்ட், வார்னிஷ் வேலை நடக்கும்போதும் இப்படியே.

கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாய் பூனைக்கு உண்ணி மருந்து தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டால் ஃபிப்ரோனிலும் பெர்மெத்ரினும் கூடவே போகும். கொசுக்கடிக்குப் பூசும் களிம்பு, கிருமிநாசினி, கை கிரீம் எல்லாம் அப்படித்தான். செடி நடும் அன்று கையில் எதையும் பூசாமல், முழங்கைவரை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: மூன்று வருடமான தொட்டி. ஆவியாகும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன், மீன்கள் நன்றாகவே இருந்தன. சுத்தம் செய்யலாம் என்று ஒரு நாள் எழுபது சதவீதம் தண்ணீர் மாற்றினேன், பெரிய எக்கினோடோரஸ் செடியையும் பிடுங்கி இடம் மாற்றினேன். இரவுக்குள் ஆறு மீன் போய்விட்டது. குளோரின் நீக்கி சரியான அளவில்தான் ஊற்றினேன். சுத்தம் செய்ததால் சாகுமா?

பதில்: சாகும். நல்லெண்ணத்தோடு செய்து மீனை இழப்பது இந்த இடத்தில்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

தண்ணீர் மாற்றாத தொட்டியில் நுண்ணுயிர்கள் தொடர்ந்து அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்குகிற கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கே.எச்., மெல்ல மெல்லத் தீர்ந்து ஒரு கட்டத்தில் சுழியாகும். பி.எச். 6, அதற்கும் கீழே என்று சரியும். அந்த அளவில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேரும், ஆனால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஏனென்றால் அமில நீரில் அது அம்மோனியம் என்ற, செவுளுக்குள் எளிதில் நுழையாத வடிவில் இருக்கும்.

25 டிகிரியில் கணக்கு இது. மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் பி.எச். 6-இல் 0.06 சதவீதம்தான். 7-இல் 0.6 சதவீதம். 8-இல் ஐந்து சதவீதத்துக்கு மேல். உங்கள் தொட்டியில் லிட்டருக்கு 3 மி.கி. சேர்ந்திருந்தது என்று வையுங்கள். பி.எச். 6-இல் மீன் சாதாரணமாக நீந்தும். குழாய்த் தண்ணீர் கடின நீராக, பி.எச். 8-ஆக இருந்து எழுபது சதவீதம் மாற்றினால் மிச்சம் 0.9 மி.கி.தான், குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அதில் நஞ்சான பகுதி 0.002-லிருந்து 0.05-க்குத் தாவியிருக்கும், ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு. கூடவே பி.எச்., கடினத்தன்மை இரண்டும் ஒரே மணி நேரத்தில் மாறிய அதிர்ச்சி.

அதோடு நீங்கள் பிடுங்கிய செடி. பெரிய எக்கினோடோரஸின் வேர் தொட்டி முழுக்கப் பரவியிருக்கும். ஒரே இழுப்பில் எடுத்தால் அடிமண் எல்லாம் மேலே வரும். அழுகிய கழிவு, புதைத்த உர மாத்திரை, கறுத்துப்போன மணலில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் சேர்ந்து கலக்கும். அழுகின முட்டை நாற்றம் வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். மெல்லிய மணலை ஐந்து ஆறு செ.மீ.க்கு மேல் போட்ட தொட்டிகளில் இது சாதாரணம்.

இனி இந்த இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். தண்ணீர் மாற்றுவதற்கு முன் தொட்டி நீர், குழாய் நீர் இரண்டிலும் பி.எச்., கே.எச். அளந்துகொள்ளுங்கள், தொட்டியில் அம்மோனியாவும் அளந்துகொள்ளுங்கள். வீட்டுச் சோதனைப் பெட்டி காட்டுவது இரண்டு வடிவமும் சேர்ந்த மொத்தம். பி.எச். இடைவெளி ஒரு அலகுக்கு மேல் இருந்து அம்மோனியாவும் தெரிந்தால் தினமும் பத்து சதவீதம் மட்டும் மாற்றி, இரண்டு வாரத்தில் நிலையைக் கொண்டுவாருங்கள். அந்த நாள்களில் தீனியைப் பாதியாக்குங்கள். செடியைப் பிடுங்குவதற்குப் பதில் வேரைச் சுற்றி நீளக் கத்தரியால் வட்டமாக வெட்டி, வெட்டிய கட்டையை மெதுவாகத் தூக்குங்கள். கலங்குகிற இடத்திலேயே சைஃபன் குழாயைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இருந்தால் நல்லது. மிச்ச வேர் மண்ணிலேயே மெல்ல மக்கட்டும்.

புதிய அக்வாசாயில் (மீன்தொட்டிச் செடிகளுக்கான சத்து மண்) போட்டவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அந்த மண் முதல் சில வாரம் அம்மோனியத்தை விடும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீர் மாற்றி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி என்று தொடர்ந்து காட்டும்வரை மீன் விடக்கூடாது. அந்த மண்ணோடு சுண்ணாம்புக் கல்லை வைத்தால் பி.எச். ஏறி அதே அம்மோனியம் நஞ்சாகும். கல்லில் வினிகரைச் சொட்டிப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம்.

கேள்வி: எட்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. அந்த நேரம் முழுக்க மீன்கள் தாங்கிவிட்டன. மின்சாரம் வந்து ஃபில்டர் ஓடத் தொடங்கிய பிறகுதான் செத்தன. ஏன்?

பதில்: கேனிஸ்டர் ஃபில்டர்தானே? அது மூடிய டப்பா. ஓட்டம் நின்றதும் உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் அங்கே இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். கழிவு காற்றில்லாமல் அழுகும். மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் ஒரே தள்ளலில் தொட்டிக்குள் போனது. ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மின்சாரம் வந்தபின் டப்பாவைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை (வடிகட்டும் பொருளை) தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டுங்கள். ஒரு வாரம் அம்மோனியா, நைட்ரைட் பார்த்துக்கொண்டே குறைவாகத் தீனி போடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் பேட்டரி ஏர் பம்ப் போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு குவளையால் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கொரு முறை. தீனி வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். மின்சாரம் நின்றால் தானே மூடும் சொலினாய்டு வால்வு இல்லாத அமைப்பில் மின்சாரம் போனாலும் வாயு வந்துகொண்டே இருக்கும், தண்ணீரோ அசையாது. அடுத்தது டைமர். சுழலும் பல் வைத்த டைமர், மின்சாரம் போன நேரம் முழுக்க நின்று, அவ்வளவு நேரம் பின்தங்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் பின்தங்காது. விளக்குக்கு ஒன்றும் வாயுவுக்கு மற்றொன்றும் வைத்திருந்தால், விளக்கு அணைந்த இருட்டில் வாயு பல மணி நேரம் ஓடும். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

கேள்வி: மீன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. செத்த உடலும் கிடைக்கவில்லை. எங்கே போகின்றன?

பதில்: முதலில் தரையில், தொட்டிக்குப் பின்னால், மேசை அடியில் தேடுங்கள். ஹாட்செட், கில்லி, டேனியோ, ஃபைட்டர் எல்லாம் தாவும். குஹ்லி லோச் குழாய் நுழையும் இடைவெளியில் நெளிந்து வெளியேறும். அமானோ இறால் ஒயரைப் பிடித்தே ஏறிவிடும். பெரும்பாலான தாவல்கள் இருட்டில் சட்டென்று விளக்கு எரிவதால் நடக்கின்றன. அறை விளக்கை முதலில் போட்டு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு எரியட்டும். மூடியில்லாத தொட்டியில் தண்ணீரை விளிம்புக்கு ஐந்து செ.மீ. கீழே நிறுத்துங்கள், குழாய்ச் சந்துகளை ஸ்பாஞ்சால் அடையுங்கள்.

வெளியே இல்லையென்றால் பாசிச் சுவரைப் பாருங்கள். ஜாவா மாஸ் என்ற பாசிச்செடியை வலைக்குள் வைத்துப் பின்கண்ணாடியில் ஒட்டும்போது, வலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விழும். உள்ளே போன மீனுக்குத் திரும்பும் வழி தெரியாது. வலையின் கண்ணும் ஆபத்து: தலை நுழைந்து உடல் நுழையாத அளவாக இருந்தால், பின்வாங்கும்போது செவுள் மூடி கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். உங்கள் தொட்டியிலேயே மிகச் சிறிய மீனின் தலையைவிடச் சிறிய கண் உள்ள வலைதான் வேண்டும், நான்கு ஓரமும் இறுகப் பொருந்த வேண்டும். அனூபியாஸைக் கட்டையில் கட்டிய நைலான் நரம்பும் இப்படித்தான்; செடி பிடித்த பிறகு சுருக்காகத் தொங்கும். பருத்தி நூல் தானே இற்றுப்போகும். சயனோஅக்ரிலேட் ஜெல் பசை இன்னும் சுலபம், தண்ணீரில் கெட்டியானபின் தீங்கில்லை.

உறிஞ்சு குழாயின் வாயில் ஸ்பாஞ்ச் உறை போடாவிட்டால் குஞ்சும் இறாலும் கேனிஸ்டருக்குள் போய்ச் சேரும். கழுவுமுன் உள்ளே பாருங்கள், பல நேரம் உயிரோடு கிடைக்கும். பொம்மை அலங்காரங்களின் துளையில் சிறிதாக நுழைந்து வளர்ந்த பிறகு மாட்டிய மீன்களும் உண்டு. பெரிய கற்களை மண்ணின் மேல் வைக்காமல், மண் போடுமுன்பே அடிக்கண்ணாடியில் மெல்லிய விரிப்பு போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். தோண்டும் மீன் இருந்தால் கல் சாய்ந்துவிடும்.

கேள்வி: செடிக்குள் இரண்டு செ.மீ. நீளத்தில் மெலிந்த பூச்சி ஒன்று நகர்கிறது. வாலில் மூன்று இறகு மாதிரி இருக்கிறது. கப்பிக் குஞ்சுகள் காணாமல் போகின்றன.

பதில்: ஊசித்தட்டானின் இளம்பருவம். அந்த மூன்று இறகும் அதன் செவுள்கள். திறந்த வெளியில் வளர்ந்த செடியின் தண்டுக்குள் முட்டையாக உங்கள் தொட்டிக்கு வந்திருக்கும். தட்டானுடையதாக இருந்தால் தடித்துக் குட்டையாக, வாலிறகு இல்லாமல் இருக்கும். அது சின்ன டெட்ராவையே பிடித்துவிடும். கீழுதட்டை மடக்கி வைத்திருந்து வீசிப் பிடிப்பது இவற்றின் வேட்டை. மருந்து ஊற்றாதீர்கள், பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும். இரவில் விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு பாருங்கள், நீள இடுக்கியால் எடுங்கள். ஒன்று கண்டால் நான்கைந்து இருக்கும், இரண்டு வாரம் தொடருங்கள்.

கேள்வி: திரவ கார்பனை இரட்டிப்பாக ஊற்றினால் கரும்பாசி போகும் என்கிறார்களே?

பதில்: பாசி போகும், மீனும் போகக்கூடும். அந்தப் பெயரில் விற்கும் பெரும்பாலான திரவங்களில் இருப்பது குளூட்டரால்டிஹைடு அல்லது அதன் உறவு. மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் பொருள் அது. அளவு கூடினால் செவுள் புண்ணாகும், இறால் முதலில் விழும், வாலிஸ்நேரியா செடி கரைந்துபோகும். குப்பியில் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள். அதையும் தொட்டியின் உண்மையான நீரளவுக்கு ஊற்றுங்கள். நூறு லிட்டர் தொட்டியில் மண்ணும் கல்லும் போக எண்பது எண்பத்தைந்து லிட்டர்தான் தண்ணீர் இருக்கும். பாசி பிடித்த இலைகளை வெட்டி எறிவது இதைவிட வேகமான வழி. குப்பியைத் திறக்கும்போது கையுறை போடுங்கள், முகர்ந்து பார்க்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர் மாற்றியதும் செடி, கண்ணாடி, மீன் எல்லாவற்றிலும் சின்னச் சின்னக் குமிழி ஒட்டுகிறது. அழகாக இருக்கிறது. ஆபத்தா?

பதில்: செடி இலையில் பிற்பகலில் வருவது ஆக்சிஜன் குமிழி, நல்லது. தண்ணீர் மாற்றிய சில நிமிடத்திலேயே மீனின் துடுப்பில் ஒட்டுவது வேறு. குழாயில் அழுத்தத்தோடு வரும் குளிர்ந்த நீர் அளவுக்கு மீறிய காற்றைக் கரைத்து வைத்திருக்கும். தொட்டியில் அழுத்தம் குறைந்து சூடேறும்போது அது குமிழியாகப் பிரியும். மீனின் ரத்தத்துக்குள்ளும் இப்படிப் பிரியலாம். கண்ணைச் சுற்றியோ துடுப்பு நரம்புகளிலோ உள்ளே குமிழி தெரிந்தால் அதுதான். குழாயை நேரே தொட்டிக்குள் விடாமல் வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் வைத்து, வெப்பம் ஒத்துவந்ததும் ஊற்றுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் நீர்ப்பரப்பைப் பலமாகக் கலக்கிவிடுங்கள், மிகுந்த வாயு வெளியேறும். கேனிஸ்டரின் உறிஞ்சு பக்கத்தில் காற்று கசிந்தாலும் இதே தொல்லை வரும்; தண்ணீர் மாற்றாத நாளில் பார்த்தால் அங்கே தேடுங்கள்.

கேள்வி: ஹீட்டரால் மீனுக்கு வரும் ஆபத்து என்ன?

பதில்: தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போவது. லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் பாதி வாட்டில் இரண்டு வைத்தால், ஒன்று ஒட்டினாலும் தொட்டி வேகாது. தண்ணீர் மாற்றுவதற்கு இருபது முப்பது நிமிடம் முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள். வெளியே தெரியும் சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும், மின்சாரம் தண்ணீரில் இறங்கும். உங்கள் கைக்கும் அதே ஆபத்து. தொட்டி அளவுக்கு மீறிச் சூடாகியிருந்தால் ஐஸ் போட்டு ஒரேயடியாகக் குளிர்விக்காமல், காற்றைக் கூட்டி மணிக்கு ஒன்றிரண்டு டிகிரியாக இறக்குங்கள்.

கேள்வி: மீன்தொட்டிச் செடி என்று வாங்கிய டிரசீனா மூன்று வாரத்தில் அடியில் கொழகொழவென்று ஆகிவிட்டது. மணி பிளாண்டையும் தொட்டியில் வைக்கலாமா?

பதில்: டிரசீனா தரைச்செடி. முழுக்க மூழ்கினால் சில வாரம் பச்சையாக நின்றுவிட்டு அழுகும். அழுகல் ஆக்சிஜனைத் தின்று அம்மோனியாவைத் தரும். இன்றே எடுத்துவிடுங்கள், வேர்த்துண்டுகளையும் விடாதீர்கள். வாங்கும்போது செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்ப்பது ஒரு சோதனை: தண்ணீருக்குள் வளர்ந்த தண்டுச்செடி துவண்டு தொங்கும், தரைச்செடி விறைப்பாக நிற்கும். அனூபியாஸும், நீருக்கு மேலே வளர்த்து விற்கும் செடிகளும் இதற்கு விலக்கு. அதனால் செடியின் பெயரைக் கேட்டு வாங்குவதே உறுதி. மணி பிளாண்டை வைக்கலாம், வேர் மட்டும் தண்ணீரில், இலையும் தண்டும் வெளியே. நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். வேர் நீண்டு ஃபில்டர் வாயை நெருங்கும்போது கத்தரித்துவிடுங்கள்.